கைதிக்காகக் குரல் கொடுக்கும் முன் ஒரு கோப்பு

"அரசியல் கைதிகளை விடுதலை செய்" என்று பேனர் அடிக்க அரை நாள் போதும். அந்தக் கைதியின் பெயர் சிறைப் பதிவேட்டில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சில சமயம் மூன்று வாரம் ஆகும். பேனரைவிட இந்த மூன்று வார வேலைதான் கைதிக்கு உதவுகிறது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனாலும் விஷயம் அதுதான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். முகமது என்ற ஒரு பெயரை ரோமன் எழுத்தில் ஏழெட்டு விதமாக எழுதலாம். பாஸ்போர்ட்டில் ஒன்று, குற்றப்பத்திரிகையில் ஒன்று, குடும்பத்தார் எழுதுவது ஒன்று. நீங்கள் நான்காவதாக ஒன்றை எழுதி அனுப்பினால், "அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். அது பொய்யும் ஆகாது. ஆகவே கோப்பின் முதல் பக்கத்தில் அந்த நாட்டு மொழியின் எழுத்திலேயே பெயர், மற்ற எழுத்துக்கூட்டல்கள், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, கைதி எண், சிறையின் முழுப் பெயர், கைதான நாள், நேரம், இடம், கைது செய்த படைப்பிரிவு, சட்டப்பிரிவு, நீதிமன்றம், வழக்கு எண், வழக்கறிஞர், அடுத்த வாய்தா எல்லாம் இருக்க வேண்டும். தெரியாததை ஊகித்து நிரப்பாமல் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். மேலே கடைசியாகத் திருத்திய தேதி. இந்தத் தேதி இல்லாத கோப்பு ஆறு மாதம் கழித்தும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். சிறை மாறிய பிறகும் பழைய சிறைக்கே கடிதம் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாம் பக்கம் நாள்வரிசை. ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம் வேண்டும்: எப்போது, என்ன நடந்தது, யார் சொன்னது, அவர் நேரில் கண்டாரா கேள்விப்பட்டாரா. கற்பனையாக இரண்டு வரி:

மார்ச் 3, இரவு சுமார் 11 மணி. சீருடை இல்லாத நான்கு பேர் வீட்டுக்கு வந்து அழைத்துச் சென்றனர். பிடியாணை காட்டவில்லை. சொன்னவர்: தாய். நேரில் கண்டது.

மார்ச் 5. விசாரணையில் அடித்தார்கள். சொன்னவர்: அதே அறையில் இருந்து வெளியே வந்தவரின் நண்பர். கேள்விப்பட்டது.

முதல் வரியை அப்படியே வெளியிடலாம். இரண்டாவதை "அடித்துச் சித்திரவதை செய்தார்கள்" என்று போட்டால் சிக்கல். "அடிக்கப்பட்டதாகத் தகவல் வந்திருக்கிறது, அரசுச் சார்பற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்" என்று எழுத வேண்டும். அரசுத் தரப்பு உங்கள் கோப்பு முழுவதையும் மறுக்க மெனக்கெடாது. தவறான ஒரு தேதியை, மிகைப்படுத்திய ஒரு காயத்தைப் பிடித்தால் போதும். மீதி முப்பது உண்மையும் அதோடு போய்விடும். ஆர்வக்கோளாறில் ஆதரவாளர்கள் சேர்க்கும் ஒரு சொல்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

உண்மையில் கோப்புக்கும் முந்தியது சம்மதம். அது கைதியின் கழுத்து, நம் கழுத்து அல்ல. அவரிடம் கேட்க முடிந்தால் வழக்கறிஞர் மூலம் அவரிடம் கேட்க வேண்டும், முடியாவிட்டால் குடும்பத்தாரிடம். "பிரசாரம் செய்யலாமா?" என்று மொத்தமாகக் கேட்டால் பாதிப்பேர் "செய்யுங்கள்" என்றுதான் சொல்வார்கள், என்ன செய்யப்போகிறோம் என்பது தெரியாமலே. தனித்தனியாகக் கேளுங்கள்: பெயரை வெளியிடலாமா, படத்தை வெளியிடலாமா, நோயைப் பற்றிச் சொல்லலாமா, குடும்பம் இருக்கும் ஊரைச் சொல்லலாமா, ஐ.நா.வுக்கு எழுதலாமா, வெளிநாட்டுத் தூதரகத்திடம் பேசலாமா. ஒவ்வொன்றுக்கும் தேதியோடு பதில் எழுதி வையுங்கள். எந்த நாளும் பின்வாங்கலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனைவி ஒன்று, அண்ணன் ஒன்று என்று முரணாகச் சொல்வது அடிக்கடி நடக்கும். கைதி யாரைத் தன் சார்பாகப் பேசச் சொன்னாரோ அவர் சொல்வதுதான் கணக்கு. யாரையும் சொல்லவில்லை என்றால், இருவரும் ஒத்துக்கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்வது மேல்.

சத்தமாகவா, சத்தமில்லாமலா என்ற கேள்வியும் இங்கேதான் வரும். ஆளைக் காணவில்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, அடி விழும் அபாயம் இருக்கிறது என்றால் பொதுவாகச் சத்தம்தான் பாதுகாப்பு. 1973 பிப்ரவரியில் பிரேசிலின் ராணுவ ஆட்சி லூயிஸ் பசிலியோ ரோசி என்ற பேராசிரியரைப் பிடித்துச் சென்றபோது, மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி தன் முதல் அவசர நடவடிக்கையைத் தொடங்கி உலகெங்குமிருந்து கடிதம் எழுத வைத்தது. தன் வழக்கு வெளியே தெரிந்துவிட்டது, இனி கொல்ல முடியாது என்று அப்போதுதான் புரிந்தது என ரோசி பிற்பாடு சொன்னார். அதேநேரம், வழக்கறிஞர் அரசுத் தரப்போடு ஜாமீனுக்கோ நாடுகடத்தலுக்கோ அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும் வாரத்தில் நீங்கள் போய் ஊர்வலம் நடத்தினால், கையெழுத்துப் போடவிருந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிடுவார். எனவே ஊர்வலத்துக்கு முன் வழக்கறிஞருக்கு ஒரு போன். எத்தனை பேர் இதைச் செய்வதில்லை என்பது ஆச்சரியம்.

அடுத்து, என்ன கேட்பது. அரசியல் கைதி என்பதற்கு எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்ட சட்ட வரையறை சர்வதேசச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பிய கவுன்சிலின் பாராளுமன்ற அவை 2012 அக்டோபரில் ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. கருத்து, மத, கூட்ட, சங்க உரிமைகளை மீறி அடைத்தது, அரசியல் காரணத்துக்காகக் குற்றத்துக்குப் பொருந்தாத நீண்ட தண்டனை தந்தது, அரசியல் காரணத்துக்காக மற்றவர்களிடமிருந்து பாகுபடுத்தி அடைத்தது என்று அது விரியும். 'மனச்சாட்சிக் கைதி' என்பது இதைவிடக் குறுகியது. வன்முறையைப் பயன்படுத்தவோ ஆதரிக்கவோ செய்யாதவருக்குத்தான் அம்னெஸ்டி அந்தப் பெயரைக் கொடுத்தது. 1964இல் நாசவேலைக்காக ஆயுள் தண்டனை தந்த ரிவோனியா வழக்குக்குப் பிறகு நெல்சன் மண்டேலாவையே அந்தப் பட்டியலில் வைக்க முடியாது என்று அம்னெஸ்டி முடிவெடுத்தது. அதற்காக அவரைக் கைவிட வேண்டும் என்று அர்த்தம் ஆகவில்லை. நியாயமான விசாரணை வேண்டும், சிறையில் மனிதராக நடத்த வேண்டும் என்று யாருக்காகவும் கேட்கலாம்.

ஆகவே கோரிக்கையைக் கோப்பைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுதியதற்கும் பேசியதற்கும் மட்டுமே உள்ளே இருக்கிறார் என்றால் "உடனடியாக, நிபந்தனையின்றி விடுதலை செய்யுங்கள்". வன்முறைக் குற்றச்சாட்டு இருந்து ஆதாரம் என்னவென்று தெரியாவிட்டால் "சர்வதேச அளவில் குற்றமாக ஏற்கப்பட்ட ஒன்றைச் சுமத்தித் தாமதமின்றி நியாயமாக விசாரியுங்கள், அல்லது விடுதலை செய்யுங்கள்". இரண்டாவது சொற்றொடர் கோழைத்தனமாகத் தெரியும் சிலருக்கு. நாளைக்கு ஒரு வீடியோ வெளிவந்தால் பிரசாரம் முழுவதும் இடிந்து விழாமல் காப்பது அதுதான்.

இப்போது கடிதம். வழக்கமாக வரும் ஒன்று:

"மக்கள் விரோத அரசின் அடிவருடியாகச் செயல்படும் தங்களுக்கு, பொய் வழக்கில் அடைக்கப்பட்ட எங்கள் தோழரையும் அனைத்து அரசியல் கைதிகளையும் உடனே விடுதலை செய்யாவிட்டால் வரலாறு தங்களை மன்னிக்காது."

இதைப் படிப்பவர் சிறைக் கண்காணிப்பாளர். அவரால் ஒருவரைக்கூட விடுதலை செய்ய முடியாது. அந்த அதிகாரமே அவரிடம் இல்லை. வரலாறு மன்னிக்குமா என்பது அவருடைய இன்றைய கவலையும் அல்ல. இதே கண்காணிப்பாளருக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கு, தங்கள் சிறையில் 4417 என்ற எண்ணில் இருப்பவரின் உடல்நிலை குறித்து எழுதுகிறேன். ஏப்ரல் 2 முதல் அவருக்கு இன்சுலின் கிடைக்கவில்லை என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். வெளியில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கைதிகளுக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 24ஆவது விதி கூறுகிறது. இன்சுலின் தடையின்றிக் கிடைக்க ஏற்பாடு செய்து, அவரை மருத்துவர் எப்போது பார்த்தார் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, அவரால் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் இருக்கிறது. பதில் சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. "குடும்பத்தார் சொல்கிறார்கள்" என்று இருப்பதால் அவரைப் பொய்யர் என்று நீங்கள் சொல்லவில்லை. சரிசெய்துவிட்டு "அப்படி எதுவும் நடக்கவில்லையே" என்று சொல்ல அவருக்கு ஒரு வழியும் திறந்திருக்கிறது. சொல்லட்டும். இன்சுலின் கிடைத்துவிட்டதல்லவா?

யாரால் எது முடியும் என்பதை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். மருந்து, சந்திப்பு, கடிதம், தனிமைச் சிறை எல்லாம் சிறை நிர்வாகத்தின் கையில். ஜாமீனை எதிர்க்காமல் இருப்பதும் வழக்கைத் திரும்பப் பெறுவதும் அரசு வழக்கறிஞர் தரப்பின் கையில். மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் பெரும்பாலும் நாட்டுத் தலைவரிடம். நீதிபதிக்கு மட்டும் எழுதாதீர்கள். விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றி நீதிபதிக்கு எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு என்று கிளப்பிவிட இடம் கொடுக்கும். சுதந்திரமான நீதிமன்றம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நீதிபதிக்கு அழுத்தம் கொடுப்பது நன்றாகவும் இல்லை.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்பினால் குமாஸ்தா கட்டி வைத்து "நூறு" என்று எழுதிவிடுவார், ஒன்றைத்தான் படிப்பார். விவரங்களைக் கொடுத்து அவரவர் சொல்லில் எழுத விடுங்கள். முந்நூறு கடிதம் ஒரே நாளில் போவதைவிட நாளுக்கு ஐந்தாறாக வாய்தாவுக்கு முந்தைய மூன்று வாரமும் போய்ச் சேருவது நல்லது. பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். "எங்களுக்கு எந்தப் புகாரும் வரவில்லை" என்று ஒருநாள் சொல்வார்கள். அன்றைக்கு அந்த அட்டைகள் பேசும்.

இணையத்தில் கையெழுத்து வாங்குவது பற்றி எங்கள் அபிப்பிராயம் கொஞ்சம் கசப்பானது. ஐம்பதாயிரம் கையெழுத்து யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் ஒரு தளத்தில் கிடந்தால் அது வெறும் எண். அச்சிட்டு எடுத்துச்சென்று தூதரகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் மறுத்ததைப் படம் எடுக்க வேண்டும். இன்னொன்று, அந்த நாட்டுக்குள்ளிருந்து கையெழுத்திடுபவர்களின் பட்டியலை நீங்களே அரசின் கையில் கொடுக்கிறீர்கள். அவர்கள் பெயர்களைத் தனியாகப் பிரித்து, எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

ஐ.நா. வழிக்கு வருவோம். பலருக்குத் தெரிந்தும் சிலரே ஒழுங்காகப் பயன்படுத்தும் கதவு, தன்னிச்சையான தடுப்புக்காவல் பற்றிய செயற்குழு. 1991இல் அமைந்தது, ஐந்து நிபுணர்கள். இதற்கு மனுச் செய்ய உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் ஏறி இறங்கி முடித்திருக்க வேண்டியதில்லை. அந்த நாடு குடிசார் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் உறுப்பு நாடாகச் சேர்ந்திருக்க வேண்டியதும் இல்லை. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் முறையீடு செய்ய இரண்டும் வேண்டும், இங்கே வேண்டாம். மனு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் இவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும். இருபது பக்கத்துக்குள் முடியுங்கள், அதற்கு மேல் போவதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். மனுச் செய்தது யார் என்பதை அரசிடம் சொல்ல மாட்டார்கள். கைதியின் பெயர் கட்டாயம் போகும், அதனால்தான் முன்னால் சொன்ன சம்மதம்.

மனு விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கைதியின் நல்ல குணத்தைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, செயற்குழுவின் ஐந்து வகைகளில் எது பொருந்துகிறது என்று சொல்லாமல் விடுவது. அடைத்து வைக்கச் சட்ட அடிப்படையே இல்லை என்பது முதல் வகை. தண்டனைக்காலம் முடிந்தும் விடாமல் வைத்திருப்பது இதில் வரும். கருத்து, கூட்டம், சங்கம் போன்ற உரிமைகளைப் பயன்படுத்தியதற்காக அடைத்தது இரண்டாவது. நியாயமான விசாரணை விதிகளை மோசமாக மீறியது மூன்றாவது. நீண்டகால நிர்வாகக் காவலில் இருக்கும் அகதிகள், புலம்பெயர்ந்தோர் நான்காவது. இனம், மதம், அரசியல் கருத்து போன்றவற்றால் பாகுபாடு காட்டி அடைத்தது ஐந்தாவது. நாள்வரிசையில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது எந்த வகைக்கு ஆதாரம் என்று ஓரத்தில் எண் போடுங்கள். எண் விழாத வரி மனுவுக்குத் தேவையில்லை. வழக்கறிஞரை எத்தனையாவது நாள் பார்க்க விட்டார்கள், நீதிபதி முன் எத்தனையாவது நாள் கொண்டுபோனார்கள் என்ற இரண்டு எண்கள் மட்டும் பல பக்க உரைக்குச் சமம்.

அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள். கேட்டால் ஒரு மாதம் வரை கூட்டிக் கொடுப்பார்கள். பதில் வந்தால் உங்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள், வராவிட்டாலும் கையில் உள்ளதை வைத்து முடிவெடுப்பார்கள். உயிருக்கோ உடல்நிலைக்கோ ஆபத்து என்றால் தனியாக அவசர வேண்டுகோள் வழி இருக்கிறது. அது தடுப்புக்காவல் தன்னிச்சையானதா என்று தீர்ப்புச் சொல்லாது, வேகமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அவசர வேண்டுகோள் போனதையே "ஐ.நா. கண்டனம்" என்று அறிவிப்பவர்கள் உண்டு. அறிவிக்காதீர்கள்.

செயற்குழுவின் கருத்து சாதகமாக வந்தாலும் கதவு தானாகத் திறக்காது. சீனச் சிறையில் இருந்த எழுத்தாளர் லியூ சியாபோவுக்கு 2010இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 2011இல் அவருடைய காவல் தன்னிச்சையானது என்று இதே செயற்குழு சொன்னது. 2017 ஜூலையில் அவர் காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். அந்தத் தாளின் உபயோகம் வேறு. வெளியுறவு அதிகாரி ஒருவர் "நாங்கள் இரு தரப்பையும் கேட்க வேண்டும்" என்று நழுவும்போது, இரு தரப்பையும் கேட்டு முடித்த தாள் இது என்று மேஜைமேல் வைக்கலாம். அடுத்து அந்த அதிகாரியிடம் கேட்க வேண்டியது: அடுத்த வாய்தாவுக்குத் தூதரகத்திலிருந்து ஒருவரை நீதிமன்றத்தில் உட்கார வைக்க முடியுமா? பேச வேண்டாம், குறிப்பு எடுத்தால் போதும். கண்டன அறிக்கையைவிட இதைக் கேட்டுப் பெறுவது எளிது, பலன் அதிகம். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் கேளுங்கள். அனுமதி வாங்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.

கைதிக்கே எழுதும் கடிதம் தனி ரகம். முதலில் அந்தச் சிறை எந்த மொழியில் அனுமதிக்கிறது, அட்டையா உறையா என்று குடும்பத்திடம் கேளுங்கள். ஸ்டேப்லர் பின், ஒட்டுப்படம், மினுமினுப்பு, வாசனை எதுவும் வேண்டாம், தணிக்கையில் திருப்பி அனுப்ப அவை சாக்காகும். வழக்கைப் பற்றி எழுதாதீர்கள். "சீக்கிரம் வெளியே வந்துவிடுவீர்கள்" என்றும் எழுதாதீர்கள், அந்த வாக்குறுதியை நீங்கள் கொடுக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம், நேற்றுப் பார்த்த கிரிக்கெட், படித்த புத்தகம் என்று எழுதினால் உள்ளே இருப்பவருக்கு அது போதும். மூலையில் "கடிதம் 7" என்று எண் போடுங்கள். நான்கும் ஏழும் மட்டும் கையில் கிடைத்தால் நடுவில் இரண்டு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும், சந்திப்பில் சொல்வார், அது கோப்பில் ஏறும். கொடுக்காமலே வைத்திருந்தாலும் நஷ்டமில்லை. தணிக்கை செய்பவர் அந்தப் பெயரை வாரம் மூன்று முறை படிக்கிறார்.

பணம். பிரசாரச் செலவும் குடும்ப உதவியும் ஒரே கணக்கில் சேரவே கூடாது. பல நாடுகளில் வெளிநாட்டுப் பணம் வந்தது என்பதே புதுக் குற்றச்சாட்டு ஆகும். அனுப்பும் முன் அங்குள்ள வழக்கறிஞரைக் கேளுங்கள். சந்திப்புக்குப் போகும் பயணச் செலவுதான் குடும்பங்களை முதலில் முறிப்பது. வீட்டிலிருந்து தொலைவான சிறைக்கு மாற்றுவதே ஒரு தண்டனை. கைதிகளை வீட்டுக்கோ மறுவாழ்வு பெறும் இடத்துக்கோ முடிந்தவரை அருகில் வைக்க வேண்டும் என்று மண்டேலா விதிகளின் 59ஆவது விதி சொல்வது இதனால்தான்.

ஒரு கட்டத்தில் மன்னிப்பு மனு என்ற பேச்சு வரும். கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவோம் என்பார்கள். வெளியில் இருப்பவர்கள் "போட்டுவிட்டு வரட்டுமே" என்றோ "போடவே கூடாது" என்றோ சொல்லக் கூடாது. சோவியத் சிறையில் இருந்த யூத உரிமைப் போராளி நத்தான் ஷரான்ஸ்கி உடல்நிலையைக் காட்டி விடுதலை கேட்டு மனுப் போட மறுத்தார். 1977இல் கைதானவர் 1986 பிப்ரவரி 11 அன்றுதான் பெர்லினில் கிளீனிக்கா பாலத்தைக் கடந்து விடுதலையானார். அத்தனை வருடமும் அவர் மனைவி அவிட்டால் ஊர் ஊராக அலைந்தார். மனுப் போடாத அந்த முடிவு ஷரான்ஸ்கியுடையது. வேறொருவர் அதே மாதிரித் தாளில் கையெழுத்திட்டு வீட்டுக்குப் போனாலும் அதுவும் அவருடையதே. உங்கள் வேலை, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வழக்கறிஞர் அவருக்கு முழுதாகப் படித்துக் காட்ட நேரம் வாங்கித் தருவது. குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கும்.

விடுதலை நாளன்று சிறை வாசலில் மைக்கோடு நிற்காதீர்கள். முதலில் மருத்துவர். காயம் இருந்தால் தேதியிட்ட புகைப்படம், மருத்துவ அறிக்கை. விடுதலை உத்தரவின் நகலை அன்றே வாங்குங்கள், அதில் நிபந்தனைகள் இருக்கும்: வாராவாரம் கையெழுத்து, ஊரை விட்டுப் போகத் தடை, பேட்டி கொடுக்கத் தடை. நீங்கள் ஏற்பாடு செய்த பேட்டியே அவரை மறுபடி உள்ளே தள்ளலாம். கோப்பை ஒரு வருடமாவது மூடாதீர்கள். பிறகு அவரிடம் உட்கார்ந்து, உள்ளே போய்ச் சேராத கடிதங்களின் நகல்களைக் கொடுத்துவிட்டு, இணையத்தில் நீங்கள் பரப்பிய படங்களையும் நோய் விவரங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, எதை வைத்திருக்கலாம் எதை எடுத்துவிட வேண்டும் என்று கேளுங்கள். சிலர் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வார்கள். எடுத்துவிடுங்கள்.